இடித்த கான்கிரீட்டை உடைத்துப் புதுத் தளம் போடலாமா?

கேள்வி:
பழைய கொட்டகையை இடித்ததில் கான்கிரீட் கட்டிகளும் உடைந்த செங்கலும் குவிந்து கிடக்கின்றன. வெளியே கொட்ட மனசு வரவில்லை. கட்டிகளை ஜல்லியாக உடைத்து நடைபாதையும் சின்னக் கொட்டகைக்குத் தளமும் போட ஆசை. நிலக்கரிச் சாம்பல் கலந்து சிமெண்டைக் குறைக்கலாமா? காலிக் கண்ணாடி பாட்டில்களையும் நொறுக்கிச் சேர்க்கலாமா?

பதில் 1:
தாராளமாகச் செய்யுங்கள். நான் கட்டட வேலையில் இருப்பவன். நல்ல ஜல்லி குப்பைமேட்டுக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

கவனம் முழுக்கத் தண்ணீரில் இருக்கட்டும். உடைத்த ஜல்லியில் பழைய சாந்து ஒட்டியிருக்கும், அது தண்ணீரை உறிஞ்சும். புது கருங்கல் ஜல்லி தன் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் இழுத்தால், இது 5 சதவீதம்கூட இழுக்கும். உலர்ந்ததை அப்படியே போட்டால் கலவை இறுகிவிடும். கலப்பவர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார், அங்கேயே பலம் போய்விடும். அதனால் முதல் நாளே நன்றாக நனைத்து, மேலே நிற்கும் தண்ணீர் வடிந்த பிறகு கலக்குங்கள். அதற்கு முன் சலித்துத் தூளை நீக்குங்கள். ஜிப்சம் பூச்சு ஒட்டிய துண்டு ஒன்றையும் விடாதீர்கள். அதிலுள்ள சல்பேட் பின்னாளில் கான்கிரீட்டை உள்ளிருந்து உப்பவைத்து வெடிப்பு விடச் செய்யும். முதல் முறை என்பதால் பாதி பழைய ஜல்லி, பாதி புதியது என்று போடுங்கள்.

சாம்பல் என்றால் அனல்மின் நிலையத்தின் நைஸான சாம்பல்தான். அடுப்புச் சாம்பல் ஆகாது. சிமெண்டில் 20 சதவீதத்துக்குப் பதிலாக அதைப் போடலாம். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பலின் சிலிக்கா சேர்ந்து பலம் தரும், ஆனால் மெதுவாக. 28 நாளில் கொஞ்சம் பின்தங்கினாலும் 90 நாளில் ஈடுகட்டிவிடும். ஆகவே இரண்டு வாரமாவது தளம் காயாமல் ஈரமாக வைத்திருங்கள். வாங்குமுன் மூட்டையைப் படியுங்கள். பல சிமெண்டில் சாம்பல் ஏற்கெனவே கலந்திருக்கும். அப்படியிருந்தால் மேலும் சேர்க்க வேண்டாம்.

பதில் 2:
கண்ணாடியை மட்டும் நொறுக்கிப் போடாதீர்கள். சிமெண்டின் காரம் கண்ணாடித் துண்டில் பட்டு ஒரு பசை உருவாகும், அது ஈரத்தில் வீங்கித் தளத்தைப் பிளக்கும். மாவாக அரைத்தால் சாம்பலைப் போலவே வேலை செய்யும்; ஆனால் 75 மைக்ரான், அதாவது 0.075 மில்லிமீட்டர் அளவுக்கு வீட்டில் அரைக்க முடியாது, அந்தத் தூசு நுரையீரலுக்கும் கேடு.

கேள்வி கேட்டவர்:
சரி, பாட்டில் வேண்டாம். இதே கலவையில் கொட்டகைக்கு நாலு தூணும் நிறுத்தலாமா? செங்கலை என்ன செய்வது?

பதில் 1:
தூணுக்கு வேண்டாம். கம்பி போட்டுப் பாரம் தாங்கும் எதற்கும், இதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகளை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்காமல் இந்த ஜல்லியை நான் பயன்படுத்த மாட்டேன். செங்கலை உடைத்துத் தளத்துக்கு அடியில் பரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டுக் கெட்டியாக்குங்கள். அப்புறம் அதன்மேல் கான்கிரீட் போடுங்கள்.