சாவிக்கொத்து டார்ச்: செல் உட்காருது, ஆனால் சரியா எரியலையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் அம்மாவின் டார்ச் கதை. அழுத்தினால் எரியும், விட்டால் அணையும், அந்தச் சின்ன வகை. வெளிச்சம் மங்கிவிட்டது என்று தெருமுனை வாட்ச் கடையில் கொடுத்து செல் மாற்றிக்கொண்டு வந்தார். புது செல் போட்டும் பழையதைவிட மங்கலாகத்தான் எரிந்தது. டார்ச்சே போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு சிஆர்2032, காசு மாதிரித் தட்டையாக இருக்கிற பட்டன் செல். நல்லவேளை, கழற்றிய பழைய செல்லை அம்மா பர்ஸிலேயே வைத்திருந்தார். அது இரண்டு சிஆர்2016.

இந்த எண்களில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், அதாவது 20 மி.மீ. அடுத்த இரண்டு தடிமன். 2032 என்றால் 3.2 மி.மீ., 2016 என்றால் 1.6 மி.மீ. அதனால் இரண்டு 2016-ஐ அடுக்கினால் ஒரு 2032-இன் உயரம் அப்படியே வந்துவிடும். மூடியும் சரியாக மூடும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட். இரண்டை அடுக்கினால் 6, ஒன்று போட்டால் வெறும் 3. வெள்ளை எல்இடி நன்றாக எரிய 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே வேண்டும். ஒற்றை 2032 அந்த விளிம்பில் நின்று தடுமாறுகிறது. இரண்டு 2016 வாங்கிப் போட்டதும் பழைய வெளிச்சம் திரும்பிவிட்டது.

6 வோல்ட் கொடுத்தால் எல்இடி கருகாதா என்று கேட்கலாம். பட்டன் செல்லுக்கு உள்ளேயே தடை அதிகம், அதிக மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. மலிவான டார்ச்சுகள் பலவற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத் தனியாக ரெசிஸ்டர்கூட இருக்காது. செல்லின் இந்தக் குணத்தை நம்பித்தான் செய்கிறார்கள். அதனால் சார்ஜ் ஏற்றும் எல்ஐஆர் வகை பட்டன் செல்லை இவற்றில் போட வேண்டாம். முழு சார்ஜில் ஒன்று 4.2 வோல்ட் வரும், உள்தடையும் குறைவு.

* * *

அண்ணா, பென்சில் செல் டார்ச்சிலும் இதே தொல்லை உண்டு. என் மைத்துனர் ஒற்றை ஏஏஏ செல் (கடையில் ரிமோட் செல் என்று கேட்போமே, அதுதான்) போடும் சாவிக்கொத்து டார்ச் வைத்திருந்தார். சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஆன்லைனில் 10440 லித்தியம் செல் வாங்கினார். 10 மி.மீ. விட்டம், 44 மி.மீ. நீளம், ஏறக்குறைய ஏஏஏ அளவேதான். போட்டதும் மொட்டை மாடி முழுக்க வெளிச்சம். வீட்டில் எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கையில் பிடிக்க முடியாத சூடு. அப்புறம் அணைந்தது, மறுபடி எந்த செல் போட்டும் எரியவில்லை.

ஏஏஏ செல் 1.5 வோல்ட்தான். அதை எல்இடிக்கு வேண்டிய 3 வோல்ட்டுக்கு மேல் உயர்த்த டார்ச்சுக்குள் ஒரு பூஸ்ட் சர்க்யூட் இருக்கிறது. அதற்கு உயர்த்தத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. 10440 முழு சார்ஜில் 4.2 வோல்ட். செல்லின் வோல்டேஜ் எல்இடிக்கு வேண்டியதைத் தாண்டிவிட்டால் மின்னோட்டம் கட்டுப்பாடில்லாமல் நேராகப் பாய்கிறது. இது டார்ச்சோடு போகிற விஷயமும் இல்லை. அவ்வளவு சின்ன லித்தியம் செல்லைச் சக்கையாகப் பிழிந்தால் செல்லுக்கே ஆபத்து, அதுவும் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத செல் என்றால் பேன்ட் பாக்கெட்டில் வைக்கவே பயமாக இருக்கிறது.

10440-ஐத் தாங்கும் டார்ச்சுகளும் உண்டு. அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ 4.2 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் மட்டும் போடுங்கள்.

* * *

சார்ஜ் ஏற்றும் செல்தான் வேண்டும் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏஏ வாங்குங்கள், எனலூப் பிராண்ட் மாதிரி. அது 1.2 வோல்ட். குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அந்த பூஸ்ட் சர்க்யூட் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நான் பல வருடமாக இதைத்தான் போடுகிறேன். சாதாரண செல்லைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் கசிந்து வெள்ளையாகப் பூத்து, குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அல்கலைன் கசிவு என்றால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். திருகுமரை அரித்துப்போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, செல்லின் பிளஸ் முனை. செல்லைத் தலைகீழாகப் போட்டாலும் கெடாமல் இருக்க, சில டார்ச்சுகளில் பிளஸ் தொடும் இடத்தைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். முனை குட்டையாக இருக்கிற செல் அந்த வளையத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே தொடாது. வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனால் எரியாது. வேறு கம்பெனி செல்லை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் டார்ச்சைக் குறை சொல்லலாம்.

* * *

அம்மா டார்ச் பற்றி எழுதியவன்தான். சிவப்பு எல்இடி டார்ச்சில் இரண்டு 2016 போடலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒரு நண்பர். ஒற்றை 2032-க்காகச் செய்தது என்றால் போடாதீர்கள். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் பக்கம் போதும், 6 வோல்ட் அதற்கு ரொம்ப அதிகம். உள்ளே இருந்தது எந்த எண், எத்தனை செல், பிளஸ் எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கழற்றிய பட்டன் செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். 20 மி.மீ. செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன செல்லிலும் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓடிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடி உள்ள டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறோம்.