ஐ.நா.வுக்கு மனு போட்டால் சட்டம் மாறிவிடுமா? கனடா கதையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

கருங்கல்: "ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு ஒரு மனு போதும், நாடே சட்டத்தைத் திருத்தும், கனடாவே சாட்சி" என்று நேற்று அருவி எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பழங்குடி அல்லாதவரை மணந்ததால் கனடாவின் 'இந்தியர் சட்ட'ப்படி (அங்கே இந்தியர் என்றால் பழங்குடியினர்) பழங்குடித் தகுதி பறிபோய், மணமுறிவுக்குப் பின் தன் சமூகத்தின் டோபிக் குடியிருப்புக்குத் திரும்ப உரிமையில்லாமல் நின்றவர் சாண்ட்ரா லவ்லேஸ். மனு 1977இல். குழுவின் முடிவு 1981இல். சட்டம் திருந்தியது 1985இல். நாலு வருஷம் சார்! 1985 ஏப்ரல் 17 அன்றுதான் கனடா உரிமைச் சாசனத்தின் சமத்துவப் பிரிவு அமலுக்கு வந்தது. திருத்தமும் அதே தேதியிலிருந்து செல்லும் என்றே போட்டார்கள். இதில் ஜெனீவாவின் ஐ.நா. குழு எங்கே வந்தது?

அருவி: இதே தகுதி இழப்பை எதிர்த்த லவெல் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1973இலேயே 5-4 என்று கைவிரித்தாயிற்று. இனி அங்கே போய்ப் பயனில்லை என்பதால்தான் குழு இந்த மனுவையே எடுத்துக்கொண்டது. சிறுபான்மையினர் தம் சமூகத்தாரோடு சேர்ந்து தம் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமை, அதாவது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, மீறப்பட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னது. அந்த அவமானம் இல்லாமல் ஒட்டாவா அரசு அசைந்திருக்குமா?

கருங்கல்: நாலு வருஷம் கழித்து உறைக்கிற அவமானமா? நல்ல அவமானம்.

வடவரை: 1979இல் டோபிக் பெண்கள் முன்னின்று ஓகாவிலிருந்து ஒட்டாவாவுக்கு நடந்தே போனார்கள். உங்கள் இரண்டு பேர் கதையிலும் அவர்களுக்கு இடமே இல்லை. நடத்துங்கள்.

தேன்சிட்டு: 47 நாடுகள் கூடி ஓட்டுப் போடும் இடத்தில் நியாயம் எப்படிக் கிடைக்கும்? ஆளாளுக்குக் கூட்டாளியைக் காப்பாற்றுவார்கள்.

அருவி: அது ஐ.நா. மனித உரிமைப் பேரவை. நாம் பேசுவது குழு. 18 நிபுணர்கள், அரசுகளின் பிரதிநிதிகள் அல்ல. அரசு பதில் சொல்ல ஆறு மாதம், பிறகு மூடிய அறையில் பரிசீலனை. இது தெரியாமல் விவாதத்துக்கு வருவானேன்?

தேன்சிட்டு: வகுப்பெடுக்காதீர்கள் அம்மணி. போன மாதம் போஸ்னியா பேச்சில் பாதியில் காணாமல் போனது யார்? ரோமா, யூதர் யாரும் அதிபர் பதவிக்குப் போட்டியிட முடியாதது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் சொல்லியும் அங்கே அரசியலமைப்பு மாறியதா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கருங்கல்: போஸ்னியாவை விடுங்கள். 1985க்கு வாருங்கள். சாசனமா, குழுவா?

தேன்சிட்டு: உங்களுக்குக் கனடா. எங்களுக்கு இலங்கை. தனக்குப் புரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைரேகை வைக்கவைத்தார்கள் என்று ஒரு தமிழ்க் கைதி முறையிட்டார். அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையிலேயே கட்டியது தவறு என்று குழு 2004இல் சொன்னது. 2006இல் கொழும்பு உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? மனு போட வழிவிட்ட விருப்ப நெறிமுறையில் 1997இல் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. முடிந்தது கதை.

அருவி: அது குழுவின் குற்றமா, கொழும்பின் குற்றமா?

கருங்கல்: யார் குற்றம் என்று யார் கேட்டது? "ஒரு மனு போதும்" என்றது நீங்கள். இன்னொன்றும் கேளுங்கள். 1985 திருத்தமே அரைகுறை. பெண் வழி வந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாகுபாடு தொடர்ந்தது. ஷரோன் மெக்ஐவர் என்பவர் போட்ட மனுவில் அதே குழு அதே சட்டத்தைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அது வெளிவந்தது 2019 ஜனவரியில்!

அருவி: அதே 2019 ஆகஸ்டில் அந்தப் பாகுபாட்டை நீக்கும் மிச்சப் பிரிவுகளும் அமலுக்கு வந்தனவே? ஏன் அதை விழுங்கிவிட்டீர்கள்?

கருங்கல்: அந்தப் பிரிவுகளை நாடாளுமன்றம் 2017இலேயே நிறைவேற்றியாயிற்று. மறுபடியும் அதே தேதிக் குழப்பம். 1981, 1985. நாலு வருஷம். இதற்கு மட்டும் நேர்ப் பதில் வராது.

அருவி: பதில் சொல்லியாயிற்று. படிக்காதவருக்கு நான் என்ன செய்ய?

வடவரை: கருங்கல், லவ்லேஸ் 2005இல் செனட்டர் ஆனார். அதுவும் சாசனத்தால்தானா?

கருங்கல்: கிண்டல் வேண்டாம் வடவரை. நீங்கள் யார் பக்கம் என்று முதலில் சொல்லுங்கள்.