காருக்குள் தண்ணீர், ஹாரன் தானாக அடிக்கிறது – அவசரம், தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்

கீழக்கரைவாசி · இரவு 9:50

அனைவருக்கும் வணக்கம். காருக்குள் தண்ணீர் நிற்கிறது. கால் வைத்தால் சளக் என்று மிதிபடுகிறது. நேற்று முதல் ஹாரன் தானாக அடிக்கிறது, தெருவே எழுந்துவிட்டது. கதவுப் பூட்டும் தன்னிஷ்டத்துக்குத் திறந்து மூடுகிறது. பட்டறையில் காட்டினேன். "இந்த மாடலுக்கு இது தெரிந்த வியாதிதான், தண்ணீர் வடியாமல் உள்ளே இறங்கிவிடும்" என்று சொல்லிவிட்டு, டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். நாளை மறுநாள் விடிகாலை துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) வருகிறார், மதுரை விமான நிலையத்துக்கு அழைக்கப் போக வேண்டும். என்ன செய்யலாம்? உடனே சொல்லவும்.

தொண்டித்துறை · இரவு 9:58

எந்தக் கார்? எந்த வருடம்? தண்ணீர் முன்பக்கமா பின்பக்கமா, இடதா வலதா? மழையில் நின்றதா, தேங்கிய தண்ணீரில் ஓட்டினீர்களா? முன்கண்ணாடி எப்போதாவது மாற்றியதுண்டா? துபாய் விமானம் எத்தனை மணிக்கு வந்தாலும் இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

பரமக்குடி குளிர்சாதனம் · இரவு 10:03

ஏ.சி. வடிகுழாய் அடைப்பு. பார்க்காமலே சொல்கிறேன். உங்கள் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம், ஏ.சி. ஓடும்போது நிறையத் தண்ணீர் சேரும். அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் உள்ளேதான் இறங்கும். குழாயைக் கீழிருந்து ஊதிவிட்டால் வேலை முடிந்தது.

உச்சிப்புளி வாத்தியார் · இரவு 10:11

தம்பி, இந்தக் கேள்வி ஒவ்வொரு ஐப்பசியிலும் யாராவது ஒருவரால் இங்கே கேட்கப்படுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இன்றைய தலைமுறைக்கு இல்லை. சரி, அடிப்படையிலிருந்து வருவோம். காருக்குள் வரும் நீர் மழைநீர், ஏ.சி. நீர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), கடல்நீர் என நான்கு வகை. விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். இனித்தால் கூலன்ட், கரித்தால் கடல்நீர். இது கூடத் தெரியாமல் வண்டி வைத்திருக்கிறோம்.

மண்டபம் பட்டறை · இரவு 10:16

வாத்தியார் ஐயா, கூலன்டை யாரும் நாக்கில் வைக்க வேண்டாம். அது விஷம். அதன் இனிப்பில் ஏமாந்து நாய்கள் நக்கிச் செத்துப்போகின்றன. வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கூலன்ட் என்றால் சாயம் தெரியும், விரலில் வழவழப்பாக ஒட்டும், டப்பாவில் அளவும் குறைந்திருக்கும்.

கீழக்கரைவாசி · இரவு 10:25

டீசல், 2015. மழைதான். ▇▇▇▇ கார்.

*[நெறியாளர்: நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டுள்ளது. புகார் இழைகளில் பெயர் வேண்டாம் என்பது இங்குள்ள விதி. மாடலைத் தனிச்செய்தியில் தெரிவிக்கலாம்.]*

தொண்டித்துறை · இரவு 10:27

இடதா வலதா என்று கேட்டிருந்தேன்.

கீழக்கரைவாசி · இரவு 10:31

இடது. பின்சீட்டுக் காலடியிலும் கொஞ்சம்.

பரமக்குடி குளிர்சாதனம் · இரவு 10:33

இடது என்றால் ஏ.சி.யேதான். நான் சொன்னேன் அல்லவா?

தங்கச்சிமடம் தாரகை · இரவு 10:40

கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எங்கள் காரில் மண் சேர்ந்து அடைத்துப்போய், நீர் கதவின் உள்பக்கத் தாளைத் தாண்டிக் காலடிக்கு வந்துவிட்டது. ஒரு குச்சியால் குத்திச் சரிசெய்தோம், செலவே இல்லை.

மண்டபம் பட்டறை · இரவு 10:58

கீழக்கரை தம்பிக்கு: மாடலைத் தனிச்செய்தியில் அனுப்பியதற்கு நன்றி. அந்த வண்டி எனக்கு நன்றாகத் தெரியும். பட்டறைக்காரர்கள் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், வைத்தியத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

பானட்டைத் திறந்தால் முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் கைகள் நிற்கும் இடத்தில், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்கடியில் வண்டியின் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது. கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அங்கேதான் போகும். பள்ளத்தின் இரண்டு ஓரங்களிலும் துளை, துளையில் வாத்தின் அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு. தண்ணீரின் கனத்தில் அலகு திறந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே ஊற்றிவிடும்.

அந்த அலகில்தான் கோளாறு. வாய் மிகக் குறுகல். இலை, மண் கொஞ்சம் சேர்ந்தாலும் ஒட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் நீர்மட்டம் ஏறுகிறது. நம் ஊர் வண்டிகளில் ப்ளோயர், அதாவது உள்ளே காற்றூதும் விசிறி, காற்று இழுக்கும் வாய் பெரும்பாலும் இடது பக்கம், அதே பள்ளத்தில்தான் திறந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு சிறிய கரை கட்டியிருப்பார்கள். அந்தக் கரையைத் தண்ணீர் தாண்டினால் நேராக ப்ளோயர், அங்கிருந்து இடது காலடி. தரை சாய்வாக இருப்பதால் பின்பக்கமும் போகிறது. உங்கள் அறிகுறி இதோடு பொருந்துகிறது.

ஏ.சி. வடிகுழாயா, இதுவா என்று பிரித்தறிவது எளிது. மழையில்லாத நாளில் ஏ.சி. ஓட்டினால் நனைகிறதா? அப்படியென்றால் பரமக்குடியார் சொல்வது சரி. ஏ.சி. போடாமல் மழையில் நிறுத்தி வைத்தாலே நனைகிறதா? அப்படியென்றால் பள்ளம்.

இப்போது இரவே செய்ய வேண்டியது: பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். ஹாரனும் நிற்கும், தெருவும் தூங்கும். கழற்றுவதற்கு முன் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பூட்டு சொன்ன பேச்சைக் கேட்காத நிலையில் இருக்கிறது. ப்ளோயரைப் போடாதீர்கள்.

விடிந்ததும் ஒரு குவளை தண்ணீரை கண்ணாடியின் இடது அடியில் மெதுவாக ஊற்றுங்கள், ஒருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். சக்கரத்துக்குப் பின்னால் உடனே விழ வேண்டும். பிறகு வலது பக்கமும் அப்படியே. விழவில்லையென்றால் மேற்கொண்டு ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். வைப்பர் கைகளைக் கழற்றி, மூடியை எடுத்து, கையாலேயே அள்ளுங்கள். நீண்ட கம்பியால் மேலிருந்து குத்தினால் வால்வு கழன்று கீழே விழுந்துவிடும், காற்றடித்தாலும் அதே கதி.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?

கீழக்கரைவாசி · இரவு 11:04

வீட்டுக்குப் பின்னால், கருவேல மரத்தடியில். வேறு நிழல் இல்லை. பேட்டரி கழற்றியாகிவிட்டது. ஜஸாக்கல்லாஹ்.

மண்டபம் பட்டறை · இரவு 11:06

சந்தேகம் தீர்ந்தது. வேப்பிலை, புளிய இலை என்றால் மூடியின் சல்லடையிலேயே பாதி தங்கும். சீமைக்கருவேலத்தின் சிற்றிலை ஒல்லி, நகத்தின் அகலம் கூடக் கிடையாது, எந்தச் சல்லடையிலும் நுழைந்துவிடும். அதோடு கடற்கரை மணலும் சேர்ந்தால் சேறு இறுகிவிடுகிறது. கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை எனக்கு வரும் வண்டிகளில் இந்தச் சேற்றைத்தான் பார்க்கிறேன்.

உச்சிப்புளி வாத்தியார் · இரவு 11:15

நாக்கில் வைக்காவிட்டால் போகட்டும். தனுஷ்கோடி போய் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டதிலிருந்து எல்லோரும் அலை தெறிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஈரம் கரித்தால் கடல்நீர்தான், வேறு விளக்கம் கிடையாது.

பாம்பன் காற்றாடி · இரவு 11:22

வேறு விளக்கம் உண்டு, ஐயா. கடலோரத்தில் நிற்கும் வண்டியின் மேல் உப்புக் காற்று படிந்துகொண்டே இருக்கிறது, கண்ணாடியைத் துடைத்தால் வெள்ளையாக வரும். அதே உப்பு அந்தப் பள்ளத்திலும் படிந்திருக்கும். முதல் மழையில் கரைந்து இறங்கினால் சுத்த மழைநீரும் கரிக்கத்தான் செய்யும். ஆகவே சுவையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இணைப்புகளை வேகமாக அரிக்கும். ஹாரன் அடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சிலிக்கான் சித்தப்பா · இரவு 11:30

எதற்கு இவ்வளவு பாடு? மூடியைச் சுற்றி சிலிக்கான் பசை அடித்துவிடுங்கள். தண்ணீர் உள்ளேயே போகாது.

மண்டபம் பட்டறை · இரவு 11:34

வேண்டாம். ப்ளோயர் காற்று இழுப்பதற்காகவே அந்த மூடியில் சல்லடை வைத்திருக்கிறார்கள், அதை அடைக்க முடியாது. பள்ளத்தில் மழை விழுந்தே தீரும், வண்டியின் வடிவமைப்பே அப்படி. பசை அடித்த பிறகு சுத்தம் செய்ய மூடியைக் கழற்றவும் முடியாது. என்னிடம் வந்தால் அந்தப் பசையைச் சுரண்டுவதற்குத் தனிக்கூலி.

தொண்டித்துறை · இரவு 11:41

வால்வின் அலகு நுனியைக் கத்தரித்துவிட்டால் அடைப்பே வராது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் தாரகை · இரவு 11:44

கத்தரித்தால் எலி ஏறுமே அண்ணா? மழைக்காலத்தில் எலிகள் எல்லாம் வண்டிக்குள்தான் குடியேறுகின்றன.

தொண்டித்துறை · இரவு 11:47

எலி ஏற வேறு நூறு வழி இருக்கிறது தங்கச்சி, இந்த ஒன்றுக்காகக் காத்திருக்காது.

மண்டபம் பட்டறை · இரவு 11:52

நுனியை மட்டும் சிறிது கத்தரித்தால் குற்றமில்லை. வால்வை முழுதாக எடுத்துவிட்டால் இன்ஜின் சூடும் புகையும் ப்ளோயர் வழியாக உள்ளே வரும், எலியும் வரும். என்னைக் கேட்டால் வால்வு இருக்கட்டும், ஐப்பசிக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

கமுதிக்காரன் · காலை 6:12

கருவேல மரத்தடியில் நிறுத்திவிட்டுப் புலம்புவதா? அந்த மரத்தையே வெட்டி எறிய வேண்டும். நிலத்தடி நீரை உறிஞ்சி மாவட்டத்தையே பாலைவனமாக்கிவிட்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது.

முதுகுளத்தூர் மூட்டம் · காலை 6:40

அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் எங்களுக்குச் சோறு போட்டது இந்த மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டம். விவசாயம் ஏமாற்றும்போது வெட்டி விற்க வேறு என்ன இருக்கிறது இந்த மண்ணில்? கமுதியில் இருந்துகொண்டு இதைப் பேசலாமா?

கமுதிக்காரன் · காலை 6:48

கமுதியில் இருப்பதால்தான் பேசுகிறேன். என் கண்மாய்க்குள் ஆள் இறங்க முடியவில்லை.

உச்சிப்புளி வாத்தியார் · காலை 7:05

நீர்நிலைகளில் அகற்றலாம், பட்டா நிலத்தில் அவரவர் விருப்பம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தர்க்கம் என்பது பள்ளியிலேயே கற்க வேண்டியது.

முதுகுளத்தூர் மூட்டம் · காலை 7:09

பாடம் வேண்டாம் ஐயா. இங்கே கார் இழை ஓடுகிறது.

பாம்பன் காற்றாடி · காலை 7:20

ஓடவில்லை, நின்றுவிட்டது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் தெருவில் நனைந்த வண்டிகளின் கதை வேறு. அவை வெள்ளத்தில் நின்றவை, முழுக் காப்பீடு இருந்தவர்களுக்கு வெள்ளச் சேதம் என்று கேட்க வழியிருந்தது. வடிகால் அடைத்து மெல்ல மெல்லக் கசிந்ததைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். கீழக்கரை நண்பர் காப்பீட்டை நம்பி மரத்தடியில் காத்திருக்க வேண்டாம்.

கீழக்கரைவாசி · காலை 10:37

மூடியைக் கழற்றினோம். கருஞ்சேறு, நடுவில் ஒரு செடி முளைத்து நின்றது. இடது வால்வு முழுக்க அடைப்பு. அள்ளியதும் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது. பேட்டரியை மாட்டிப் பார்த்தேன், ஹாரன் இன்னும் அடிக்கிறது. இப்போது மதுரைக்கு ஓட்டலாமா?

பரமக்குடி குளிர்சாதனம் · காலை 10:45

ஏ.சி. குழாயையும் ஒருமுறை ஊதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மண்டபம் பட்டறை · காலை 10:52

ஓட்ட வேண்டாம். வாடகை வண்டி பிடியுங்கள். பாதிவழியில் விளக்கோ வைப்பரோ நின்றால் விடிகாலை இருட்டில் என்ன செய்வீர்கள்?

பேட்டரியை மறுபடி கழற்றுங்கள். கதவோரப் பிளாஸ்டிக் பட்டையை எடுத்துக் கார்பெட்டைத் தூக்குங்கள். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் உள்ள பஞ்சைப் பிழிந்தால் வாளி நிறையும். அதை வெயிலில் போடாவிட்டால் அடைப்பு நீக்கியும் பயனில்லை. இடது காலடிச் சுவரில் உள்ள பிளாஸ்டிக்கை எடுத்தால் கம்பிக் கட்டும், அதை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் போல்ட்டும் தெரியும். கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடாதீர்கள், அவை ஏர்பேக்குக்கு உரியவை. இவ்வளவும் செய்த பிறகும் ஹாரன் அடித்தால் பாடி கன்ட்ரோல் மாட்யூலை (ஹாரன், பூட்டு, விளக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) திறந்து பார்க்க வேண்டும். டேஷ்போர்டைக் கழற்றும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கமுதிக்காரன் · காலை 11:20

முளைத்திருந்த செடி கருவேலமா?

*[நெறியாளர்: கருவேலம் பற்றிய பதிவுகள் 'ஊர்ப்பேச்சு' பகுதியில் தனி இழைக்கு மாற்றப்படும். இங்கே கார் மட்டும்.]*

தொண்டித்துறை · மறுநாள் மாலை 5:15

கீழக்கரை நண்பரே, களிம்பு இருந்ததா? என்ன ஆயிற்று?

கீழக்கரைவாசி · மூன்றாம் நாள் இரவு 8:02

காக்கா வந்துவிட்டார், வாடகை வண்டியில்தான் போனோம். எர்த் போல்ட்டில் களிம்பு இருந்தது, தேய்த்து மாட்டினேன். ஹாரன் நின்றது. பூட்டு மட்டும் எப்போதாவது தன்னிஷ்டம். கார்பெட் மாடியில் கிடக்கிறது.

மண்டபம் பட்டறை · இரவு 8:30

பஞ்சு முழுக்கக் காயும்வரை கார்பெட்டை மாட்டாதீர்கள். பூட்டுக்கு ஓட்டுநர் பக்கக் கதவில் உள்ள கனெக்டரையும் பாருங்கள். வலது வால்வைத் திறந்து பார்த்தீர்களா?

உச்சிப்புளி வாத்தியார் · இரவு 8:41

கரித்ததா, இல்லையா என்று இதுவரை பதில் வரவில்லை.