கொங்கன் கடலோரம் சைக்கிளில்: மும்பை முதல் கோவா வரை ஐந்து நாள் போதுமா?

நெய்தல்வழி:

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் ஜனவரியில் மும்பையிலிருந்து கோவாவுக்கு, நெடுஞ்சாலையைத் தவிர்த்துக் கடலோரமாகவே சைக்கிளில் போக விரும்புகிறோம். இருவரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள். அதிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி போய்விடுவோம். அந்தக் கணக்கில் ஒரு நாளுக்கு 110 அல்லது 120 கி.மீ. என்று வைத்து ஐந்து நாளில் முடிக்கத் திட்டம்.

இது நடக்குமா? எங்களிடம் இருப்பவை கியர் உள்ள ஹைப்ரிட் சைக்கிள்கள். பின்பக்கம் கேரியரில் இரண்டு பைகள் மாட்டுவோம். வழியில் எங்கே தங்குவது, திரும்பும்போது சைக்கிளை ரயிலில் எப்படி ஏற்றுவது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சஹ்யாத்ரி நிழல்:

தம்பி, ஐந்து நாளில் முடியாது. அவசரப்பட்டு முடித்தாலும் கொங்கனைப் பார்த்ததாக ஆகாது. நான் புனேயில் குடியேறிய காலத்திலிருந்து இந்தக் கரையில் துண்டு துண்டாகவும் முழுதாகவும் ஓட்டி வருகிறேன். எனக்கு இதைவிடப் பிடித்த சாலை இந்தியாவில் வேறு இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கரை மணல் கரை. சாலை மட்டமாக ஓடும். இங்கே செம்புரைக்கல் மேடுகள் கடல்வரை வந்து நிற்கின்றன. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு கழிமுகம், அதை ஒட்டி ஒரு மீனவர் கிராமம், தென்னந்தோப்பு, கோயில். சாலை கடல் மட்டத்திலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் ஏறி, மேலே புல்லும் பாறையுமான வெட்டவெளியில் கொஞ்ச தூரம் ஓடி, அடுத்த கிராமத்துக்குச் சரேலென்று இறங்கும். ஒரே நாளில் இப்படிப் பல முறை. எந்த ஏற்றமும் நீளமானதில்லை, ஆனால் 10 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ளவை நிறைய. பையோடு போனால் ஒரு நாளுக்கு 60 அல்லது 70 கி.மீ. என்று வையுங்கள். குறைந்தது ஒன்பது நாள் வேண்டும்.

அடுத்தது கழிமுகங்கள். இந்தப் பயணத்தின் கணக்கே அவைதான். மும்பையிலிருந்து படகில் மாண்ட்வா போய் இறங்குங்கள். நகரப் போக்குவரத்து முழுவதும் தப்பிவிடும். அலிபாக், ரேவ்தண்டா, காஷித், முருட். அங்கே ஜஞ்சிரா கோட்டை. பிறகு ஆகர்தாண்டாவிலிருந்து திகிக்கு ஃபெர்ரி. ஹரிஹரேஷ்வரைத் தாண்டி பாக்மாண்ட்லாவிலிருந்து வேஷ்விக்கு ஒன்று. தாபோளிலிருந்து தோப்பாவேக்கு ஒன்று. தவ்சாளிலிருந்து ஜய்கடுக்கு ஒன்று. கடைசியாகத் தெரேகோலில் ஆற்றைக் கடந்தால் மறுகரை கோவாவின் கேரி. கார்களே ஏறும் படகுகள் என்பதால் சைக்கிளுக்கு இடப் பிரச்சினை கிடையாது. ஆனால் மாலை கடைசிப் படகை விட்டுவிட்டால், உதாரணமாகத் தாபோளில், ஒன்று அங்கேயே தங்க வேண்டும். அல்லது உள்நாட்டில் சிப்ளூண் பக்கமாகச் சுற்ற வேண்டும், அதற்கே ஒரு நாள் போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் படகுத்துறையில் தொடங்குங்கள், அல்லது படகைக் கடந்த பிறகு முடியுங்கள். கி.மீ. பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சில இடங்களில் பாலம் கட்டும் வேலையும் நடக்கிறது. முந்தைய நாள் தங்கும் வீட்டிலேயே நிலவரம் கேட்டுவிடுங்கள்.

வரைபடத்தில் ஒரு குழப்பம் வரும்: முருட் என்ற பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று ஜஞ்சிரா அருகில், மற்றது தாபோளிக்கு (படகுத்துறை உள்ள தாபோள் அல்ல, இது வேறு ஊர்) பக்கத்தில் ஹர்ணையை அடுத்து. அறை பதிவு செய்யும்போது மாவட்டத்தைப் பாருங்கள். முதலாவது ராய்கட், இரண்டாவது ரத்னகிரி.

தவறவிடக் கூடாத இரண்டு துண்டுகள் உண்டு. திவேஆகரிலிருந்து ஷேகாடி வழியாக ஸ்ரீவர்தன் போகும் சாலை அலைகளை ஒட்டியே போகிறது. காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். இன்னொன்று, கணபதிபுளேயிலிருந்து ரத்னகிரிக்கு ஆரே-வாரே வழி. மேட்டின் உச்சிக்கு வந்ததும் கீழே இரண்டு கடற்கரைகளும் சேர்ந்து தெரியும். பேருந்துகள் பெரும்பாலும் உள்பக்கச் சாலையில் போய்விடுவதால் இங்கே நெரிசல் குறைவு. அந்த இடத்தில் அவசரமாக ஓட்டிக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

வடக்கிலிருந்து தெற்கே போகும் உங்கள் திசை சரியானது. ஜனவரியில் மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும். அது முதுகில் தள்ளும். இடப்பக்கம் ஓட்டுவதால் கடல் சாலையின் மறுபுறம் இருக்கும், அது ஒன்றுதான் குறை. அதற்காகக் காற்றை எதிர்த்து ஓட்டத் தேவையில்லை.

கியர் பற்றி: முன்பக்கச் சிறிய பல்சக்கரம் 30 பல்லுக்கு மேல் போக வேண்டாம், பின்னால் பெரியது 34 இருக்கட்டும். உங்கள் சைக்கிளில் அப்படி இல்லையென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டையும் புதிதாகப் போடுங்கள். இறக்கங்கள் நேராகக் குறுகிய கிராமத் தெருவில் போய் முடிகின்றன. திருப்பத்தில் எருமை நிற்கும்.

ரத்னகிரி வாசி:

தம்பிக்கு வணக்கம். என் கணவரின் வேலை காரணமாகப் பல வருடங்களாக ரத்னகிரியில் இருக்கிறோம். தங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வழியெங்கும் வீடுகளில் அறை தருவார்கள், சாப்பாடும் அவர்களே சமைத்துத் தருவார்கள். வாசலில் மராத்தியில் பலகை வைத்திருப்பார்கள். வார நாட்களில் நேரில் போய்க் கேட்டாலே கிடைக்கும். சனி, ஞாயிறும் ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களும் மும்பை, புனே மக்கள் திரண்டு வருவார்கள். அந்த நாட்களுக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகுதான் மீன் வாங்கப் போவார்கள். காலையில் ஆம்போளி கேளுங்கள். நம் தோசைக்கு மிக நெருக்கமானது, வயிறும் நிறையும். வெயிலில் வந்து இறங்கியதும் கோகம் என்ற புளிப்புப் பழத்தின் சர்பத், சாப்பாட்டோடு அதே பழத்தைத் தேங்காய்ப்பாலில் சேர்த்த சோல்கடி. மேட்டு வெளிகளில் மரமும் இல்லை, கடையும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் எந்த ஏற்றத்திலும் கால் வைக்காதீர்கள்.

ரத்னகிரியில் ஒரு நாள் ஓய்வு எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை ஆங்கிலேயர்கள் நாடு கடத்தி இங்கேதான் வைத்திருந்தார்கள். அவருக்காகக் கட்டிய அரண்மனை 1910-இல் முடிந்தது. 1916-இல் இதே ஊரில் இறந்தார். அந்த மாடியிலிருந்து கழிமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்து வருத்தமாக இருக்கும்.

பெண்கள் சைக்கிளில் வருவதை இங்கே மரியாதையாகவே பார்க்கிறார்கள். மனைவியைத் தைரியமாக அழைத்து வாருங்கள்.

நெய்தல்வழி:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. விடுப்பைப் பதினொரு நாளாக நீட்டிக் கேட்டிருக்கிறேன். ஒரே சந்தேகம்: ஏதாவது காரணத்தால் நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது? ரயிலைப் பற்றியும் சொல்லுங்கள்.

சஹ்யாத்ரி நிழல்:

கொங்கன் ரயில் பாதை கடலிலிருந்து விலகி உள்ளே ஓடுகிறது. ஆகவே எந்தக் கரையோர ஊரிலிருந்தும் நிலையத்துக்கு மேலே ஏறித்தான் போக வேண்டும். வடபாதியில் சிக்கல் என்றால் கேட் (Khed) அல்லது சிப்ளூண், நடுவில் ரத்னகிரி, மால்வண் பக்கம் என்றால் கூடாள், வெங்குர்லாவுக்குக் கீழே சாவந்த்வாடி. சிறிய நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். பார்சல் ஏற்ற மாட்டார்கள். பெரிய நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

பயணம் முடிந்து சைக்கிளை ஏற்றக் கோவாவின் மட்காவ் நிலையம்தான் நல்லது. ரயில் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்தில் இருங்கள். பெடல்களைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், ஹாண்டிலைத் திருப்பிக் கட்டுங்கள், பின்பக்க கியர் மாற்றியைச் சுற்றிக் கெட்டி அட்டை வைத்துக் கயிறு போடுங்கள். அது வளைந்தால் ஊர் வந்து சேர்ந்த பிறகு வீண் செலவு. பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். ரசீது உங்கள் கையில் இருக்கட்டும், சைக்கிளில் மாட்ட வேண்டாம்.

மும்பையில் படகு ஏறும் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். வார இறுதியாக இருந்தால் அலிபாக் வரை நானும் வருகிறேன்.