பென்ஸ் 1886 மூன்று சக்கர வண்டிப் பிரதி: 7 நிமிடத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறது, உதவி தேவை

திருகாணி (கேள்வி)
1886 பென்ஸ் காப்புரிமை வண்டியின் ஓடும் பிரதி இது. அளவெல்லாம் அசலைப் போலவே: ஒற்றை சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 150 மி.மீ., 954 சி.சி. மேற்பரப்பு கார்புரேட்டரில் (எரிபொருளின் மேல் காற்று உரசிப் போய் ஆவியை எஞ்சினுக்கு எடுத்துப்போகும் பெட்டி) 1.5 லிட்டர் எரிபொருள் நிற்கும். ஜெர்மனியில் மன்ஹைம் பக்கம் சமதரையில் சோதனை, வெளியே 11 டிகிரி.

பிளைவீலைக் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. 5 நிமிடம் சீராக ஓடும். பிறகு வேகம் இறங்கி, காற்றுக் குழாய் வழியாக டப் டப் என்று வெடித்து, 7 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. 20 நிமிடம் ஆறவிட்டால் திரும்பக் கிளம்புகிறது, ஆனால் முதல் தடவை ஓடிய நேரம்கூட ஓடுவதில்லை. ஸ்பார்க் தரும் காயில் சூடாகிக் கெடுகிறதா? லேசான மேட்டில், எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் தோல் பெல்ட்டும் நழுவுகிறது.

பித்தளைக்குழாய்
காயிலை இப்போது தொடாதீர்கள். முதலில் ஒரு சோதனை. வேகம் இறங்கத் தொடங்கியதும், இருக்கைக்கு அடியில் உள்ள கூடுதல் காற்று வழியை மெதுவாக மூடுங்கள். எஞ்சின் திரும்ப உயிர்பெற்றால் கலவையில் எரிபொருள் குறைகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் கோளாறாக இருந்தால் காற்றைக் குறைத்ததும் எஞ்சின் தேறாது.

என்ன எரிபொருள் ஊற்றுகிறீர்கள்? கார்புரேட்டருக்குள் திரவத்தில் தெர்மாமீட்டர் வைத்து, கிளப்பும்போதும் நிற்கும்போதும் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

திருகாணி
பெட்ரோல் பங்கில் பிடித்த ஈ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்). கிளப்பும்போது 11 டிகிரி, நிற்கும்போது மைனஸ் 4. கார்புரேட்டரின் வெளிப்பக்கம் முழுக்க நீர் கோத்திருந்தது. காற்றை மூடியதும் இரண்டு நிமிடம் கூடுதலாக ஓடியது.

பித்தளைக்குழாய்
சந்தேகமே இல்லை, கார்புரேட்டர் தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறது. கணக்கைப் பாருங்கள். இந்த வண்டி 100 கி.மீ.க்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். 16 கி.மீ. வேகத்தில் மணிக்கு 1.6 லிட்டர், ஏறக்குறைய 1.15 கிலோ. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அப்படியானால் திரவத்திலிருந்து 110 வாட் அளவுக்கு வெப்பம் இடைவிடாமல் உறிஞ்சப்படுகிறது. உள்ளே இருப்பது வெறும் 1.1 கிலோ. வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால் நிமிடத்துக்கு 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். சுற்றுப்புறம் கொஞ்சம் ஈடுகட்டியதால்தான் உங்களுக்கு 7 நிமிடத்தில் 15 டிகிரி இறக்கத்தோடு நின்றது.

குளிர்ந்தால் ஆவியழுத்தம் (திரவம் ஆவியாகும் வேகத்தைக் காட்டும் அளவு) படுத்துவிடும். பெட்ரோலில் உள்ள ஹெப்டேனை எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் 0 டிகிரியில். கலவை மெலிந்தால் மெதுவாக எரியும். அடுத்த உறிஞ்சலுக்கு வழி திறக்கும்போதும் சிலிண்டரில் நெருப்பு மிச்சமிருக்கும். அதுதான் அந்த டப் டப். 20 நிமிடத்தில் திரும்பக் கிளம்புவது காயில் ஆறியதால் அல்ல, திரவம் சூடேறியதால்.

கரிப்பூச்சு
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். இரண்டாவது தடவை குறைவாக ஓடுவதற்குக் காரணம் வேறு. இன்றைய பெட்ரோல் 30 டிகிரியிலிருந்து 210 டிகிரி வரை கொதிக்கும் பல பொருள்களின் கலவை. ஜெட் (சிறு துளை) உள்ள கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெளித்துவிடும். மேற்பரப்பு கார்புரேட்டரிலோ லேசானது முதலில் பறந்துவிடும், கனமானது அடியில் தங்கிவிடும். 7 நிமிடத்தில் 0.19 லிட்டர், அதாவது பன்னிரண்டு சதவீதம் போயிருக்கிறது. போனதில் பெரும்பங்கு லேசான பியூட்டேன், பென்டேன். ஈ10இல் உள்ள எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கேட்கும், நீரையும் இழுத்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கார்ல் பென்ஸ் வடிவமைத்தது லிக்ராயினுக்கு. 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இந்த வண்டியில் நீண்ட பயணம் போனபோது வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் வாங்கியதும் அதுதான். குறுகிய கொதிநிலை கொண்ட சலவைக் கரைப்பான் அது. ஜெர்மனியில் இன்று வன்பொருள் கடையில் வாஷ்பென்சீன் என்று விற்பதே அதற்கு மிக நெருக்கம். சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் விகிதம் மிகக் குறைவு என்பதால் ஆக்டேனைப் (முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு) பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அடியில் தங்கியதை வடித்துவிடுங்கள், அதன்மேல் புதிதை ஊற்றாதீர்கள். எரிபொருள் மட்டமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அது இறங்கினால் காற்று உரசும் இடைவெளி மாறி, கலவையும் மாறும்.

லேசானது இல்லாத எரிபொருளுக்குச் சூடு இன்னும் அவசியம். புகைபோக்கியிலிருந்து ஒரு கிளைக்குழாயைக் கார்புரேட்டரின் அடிப்புறமாக வெளியே ஒட்டிக் கொண்டுபோய், நடுவில் ஒரு வால்வு வையுங்கள். குழாய் இணைப்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. திரவம் 15 முதல் 20 டிகிரிக்குள் நிற்கட்டும், அதற்கு மேல் போனால் கலவை தடித்துக் கரும்புகை வரும்.

வேறு எதையும் செய்யும் முன் இதைச் செய்யுங்கள்: கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் நெருக்கமான பித்தளைக் கம்பிவலை இரண்டு மூன்று அடுக்கு. உங்களுக்குப் பின்வெடி வருகிறது, அந்தப் பெட்டிக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. வலை இல்லாமல் இன்னொரு தடவை கிளப்பாதீர்கள், தயவுசெய்து.

பல்சக்கரம்
பெல்ட் விஷயம். 0.75 குதிரைத்திறன் என்றால் 550 வாட். 16 கி.மீ. வேகத்தில் அது தரும் தள்ளுவிசை 124 நியூட்டன், வழியில் இழப்பே இல்லை என்று வைத்தாலும். வண்டி 265 கிலோ, இரண்டு ஆள் 150 கிலோ. கெட்டி ரப்பர் டயருக்கு மண்சாலையில் உருள்தடை 2 சதவீதம் என்றால் 81 நியூட்டன் அதிலேயே போய்விடும். மீதி 43. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம்தான் தாங்கும். ஒரே கியர் என்பதால் வேறு வழியில்லை. பெர்த்தா பென்ஸின் பயணத்தில் மகன்கள் இறங்கித் தள்ளியதும், அதன் பிறகு மேட்டுக்கென்று ஒரு கியர் சேர்ந்ததும் இதனால்தான்.

ஆனாலும் சமதரையில் நழுவக்கூடாது. திறந்த கிராங்க் எண்ணெயைச் சிதறும், அது பெல்ட்டில் படுகிறதா என்று பாருங்கள், ஒரு தகரத் தடுப்பு போதும். தோலின் மழமழப்பான பக்கம் புல்லியில் படவேண்டும், பலர் மாற்றிப் போடுகிறார்கள். பிசின் தடவாதீர்கள். முதலில் பிடிக்கும், பிறகு கண்ணாடிபோல் ஆகி இன்னும் மோசமாக நழுவும்.

திருகாணி
வலை போட்டாயிற்று, எரிபொருள் மாற்றியாயிற்று, கிளைக்குழாயும் வைத்தாயிற்று. திரவம் 17 டிகிரியில் நிற்கிறது, 40 நிமிடம் நிற்காமல் ஓடியது. பெல்ட் தலைகீழாகத்தான் இருந்தது, திருப்பிப் போட்டேன். இப்போது புதிதாக ஒன்று: அந்த 40 நிமிடத்தில் குளிர்விக்கும் தண்ணீர் 2 லிட்டர் குறைந்திருக்கிறது. ஒழுகல் எங்கும் தெரியவில்லை.

பித்தளைக்குழாய்
ஒழுகல் இல்லை, அது அப்படித்தான். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் சிலிண்டர் ஆறுகிறது. சட்டைக்கு (சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறை) 2 கிலோவாட் வெப்பம் போகிறது என்று வைத்தால் மணிக்கு 3.2 லிட்டர் போகும், உங்கள் கணக்கு அதோடு ஒத்துவருகிறது. மென்னீர் மட்டும் ஊற்றுங்கள், கடினநீர் ஊற்றினால் உப்பு முழுதும் சட்டைக்குள்ளேயே படியும். நீண்ட ஓட்டத்துக்கு இருக்கைக்கு அடியில் 5 லிட்டர் கேன் ஒன்று இருக்கட்டும். மட்டம் இறங்கிச் சிலிண்டர் காய்ந்துவிட்டால், ஆறும்வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.