காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்பலாமா?

வைகைக்கரை:
வணக்கம். சிற்றிதழ்களில் என் கதைகள் சில வெளிவந்துள்ளன. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு ஒரு கதையை அனுப்ப விரும்புகிறேன். தமிழில் அனுப்பினால் நடுவர்கள் எப்படிப் படிப்பார்கள்? முன்பு முகநூலில் பதிவிட்ட கதையை அனுப்பலாமா?

கல்லணை:
தாராளமாகத் தமிழில் அனுப்பலாம். முதற்சுற்றில் தமிழறிந்த வாசகர்களே படிக்கிறார்கள்; அவர்கள் தேர்ந்தெடுக்கும் கதைகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு நடுவர் குழுவுக்குச் செல்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. 18 வயது நிறைந்த, காமன்வெல்த் நாடொன்றின் குடிமகனாக இருந்தால் போதும். முகநூலில் வந்த கதை வெளியான கதையாகக் கொள்ளப்படக்கூடும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். பதிவை நீக்கிவிட்டு அனுப்புவதும் முறையன்று.

தாமரைச்செல்வி:
நண்பரே, அளவைப் பற்றியும் யோசியுங்கள். கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நம் வார இதழ்க் கதைகளோ பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் 2,000 சொற்கள் என்பது ஆங்கிலத்தில் அதே எண்ணிக்கையைவிட நீண்ட கதை. ஆகவே சிறிய கதையை இழுத்து நிரப்பாமல், அந்த நீளத்தைத் தாங்கும் கருவைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளூர்ப் போட்டி ஒன்றில் முதற்சுற்று வாசகராக இருந்தவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல கதைகள் பல கடைசிப் பத்தியில்தான் வீழ்ந்தன. ஒரு கதையில், ரேஷன் கடையில் ரேகை விழாத ஒரு மூதாட்டி, தேய்ந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மீண்டும் எந்திரத்தில் வைக்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அங்கேயே கதை முழுமை பெற்றுவிட்டது. ஆனால் எழுதியவர் அதை நம்பாமல், அரசையும் சமூகத்தையும் சாடும் ஒரு பத்தியைச் சேர்த்திருந்தார். போட்டி என்றாலே கருத்துச் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது; அதை உதறினாலே உங்கள் கதை தனித்து நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வைகைக்கரை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய கதையையே எழுதுகிறேன். பரிசுத்தொகை எவ்வளவு?

கல்லணை:
மண்டல வெற்றியாளர் ஐவருக்குத் தலா 2,500 பவுண்டு. அவர்களுள் முதல்வராகத் தேர்வு பெறுபவருக்கு 5,000 பவுண்டு. மொழிபெயர்க்கப்பட்ட கதை வென்றால் மொழிபெயர்ப்பாளருக்கும் தனிப் பரிசு உண்டு. அண்மை ஆண்டுகளில் நவம்பர் 1 அன்றே கதை அனுப்பும் காலம் முடிந்துவிடுகிறது, அதற்குள் முடித்துவிடுங்கள்.