பழைய லெக்ஸிகன் பிசிஎம் 70 வாங்கலாமா, பிளக்-இன் போதுமா?

சுருதிபேதம்:
எங்கள் ஸ்டுடியோவில் பெரும்பாலும் குரல் பதிவுதான். ரிவெர்ப் (குரலுக்குச் சேர்க்கும் எதிரொலி) எல்லாம் இதுவரை பிளக்-இன் (கணினி மென்பொருள்). இப்போது புதுப்பித்த லெக்ஸிகன் பிசிஎம் 70 ரிவெர்ப் பெட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "முழு சர்வீஸ் முடிந்தது" என்று மட்டும் விற்பவர் எழுதியிருக்கிறார். வாங்கலாமா?

மிக்ஸ்மேசை:
வேண்டாம் நண்பரே. 1985ல் வந்த பெட்டி அது. ஒரு நேரத்தில் ஒரே ப்ரோக்ராம்தான் ஓடும், இன்புட்டும் மோனோ. சில மாதம் கழித்து "குரலைக் கொஞ்சம் முன்னால கொண்டுவாங்க" என்று கிளையன்ட் வந்து நின்றால்? பிளக்-இன் என்றால் செஷனைத் திறந்ததுமே எல்லாம் வைத்தபடி இருக்கும். பெட்டி என்றால் பழைய செட்டிங்கைத் தேடி, முழுப் பாட்டையும் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதிலும் மேல்பக்கம் 15 கிலோஹெர்ட்ஸோடு ஒலி முடிந்துவிடும்.

ரேக்வாசி:
அந்த 15 கிலோஹெர்ட்ஸைக் குறையாகப் பார்க்காதீர்கள். பாடகர் 'ச', 'ஸ' என்று அழுத்தும் இடத்தில் முழு அலைவரிசை ரிவெர்ப் சீறும். பிசிஎம் 70ல் வால் (தேய்ந்து அடங்கும் எதிரொலி) குரலுக்குப் பின்னால் அடங்கி நிற்கும், தனியாக ஈக்யூ (அலைவரிசைத் திருத்தம்) போட வேண்டிய தேவை குறைவு. இன்னொன்று: இம்பல்ஸ் (ஒரு சிறு ஒலிக்குப் பெட்டி தரும் எதிரொலியின் பதிவு) எடுத்து, அதை வைத்து ரிவெர்ப் செய்யும் கன்வல்யூஷன் பிளக்-இன்னில் போட்டால் இது வராது. லெக்ஸிகன் ரிவெர்பில் டிலே நேரங்கள் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும். இம்பல்ஸில் பதிவாவது ஒரு கணம் மட்டும்தான், அசைவு அதில் இல்லை.

மிக்ஸ்மேசை:
கன்வல்யூஷனை நான் சொல்லவே இல்லையே! யுனிவர்சல் ஆடியோ 2011ல் வெளியிட்ட லெக்ஸிகன் 224 பிளக்-இன், அந்தப் பழைய பெட்டியின் மூல அல்காரிதத்தையே ஓட்டுகிறது. அதில் அசைவும் உண்டு.

ரேக்வாசி:
அது 1978ல் வந்த 224. அவர் கேட்பது 70. இரண்டும் ஒரே கம்பெனிதான், குணம் வேறு. பிசிஎம் 70ல் ரெசனன்ட் கார்ட் ப்ரோக்ராம் (உள்ளே வரும் ஒலியைச் சுர அடுக்காக ஒலிக்க வைப்பது) ஒன்று போதும், கீபோர்டிலிருந்து மிடி இணைப்பு வழியே சுருதியை மாற்றி மாற்றி வாசிக்கலாம்.

சால்டர்புகை:
இருவரும் ஒலியைப் பற்றியே பேசுகிறீர்கள். சர்வீஸ் பெஞ்சில் உட்காருபவனாகச் சொல்கிறேன், முதலில் 'புதுப்பித்தது' என்றால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். முகப்பைத் துடைத்து, பட்டனுக்கு க்ளீனர் அடித்ததையும் சிலர் அப்படித்தான் விற்கிறார்கள்.

பவர் சப்ளையில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மாற்றினார்களா? மூடியைத் திறந்து போர்டின் படம் அனுப்பச் சொல்லுங்கள், புதியது பார்த்ததும் தெரியும். மெமரி பேட்டரியை மாற்றினார்களா? அது தீர்ந்தால் நீங்கள் சேமித்த செட்டிங் போய்விடும், ஃபேக்டரி ப்ரோக்ராம் போகாது, அது பேட்டரி இல்லாமலும் அழியாத ஈப்ராம் சிப்பில் இருக்கிறது. அந்த ஈப்ராம் கண்ணாடி ஜன்னல் மேல், புற ஊதா வெளிச்சம் பட்டு அழியாமல் இருக்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையில் கிடைத்ததும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகுதான் சில கோளாறு தலைகாட்டும். பிறகு ஒரேயொரு ஸ்னேர் டிரம் அடியை நீண்ட டீகேயில் (எதிரொலி அடங்கும் நேரம்) அனுப்பி, ஹெட்ஃபோனில் வால் அடங்கும் வரை கேளுங்கள். கடைசியில் மெல்லிய மணல் போன்ற இரைச்சல் இருந்தால் அது அந்தக்கால கன்வெர்ட்டரின் (ஒலியை டிஜிட்டலாக்கும் பகுதி) இயல்பு, பயம் வேண்டாம். 'டிக் டிக்' என்று வெடிப்பு வந்தால் டிஜிட்டல் பகுதியில் சிக்கல். ரீங்காரம் வந்தால் அலைவரிசை அனலைசரில் பாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 100லும், 60 என்றால் 120லும் கூர்முனை தெரிந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர்தான். அதை முதலில் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை என்றால் 'முழு சர்வீஸ்' பொய்.

மிக்ஸ்மேசை:
இதெல்லாம் சரியாக இருந்தாலும் அடுத்த முறை பழுதானால் யாரிடம் போவார்? யமஹா எஸ்பிஎக்ஸ் 90 மாதிரி சொந்த சிப் வைத்த பெட்டி என்றால் இன்னொரு செத்த பெட்டியை அறுத்துத்தான் சிப் எடுக்கணும். வேலை நடக்கும் ஸ்டுடியோவுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

ரேக்வாசி:
பதிவு செய்து வைத்துவிட்டால் பெட்டி படுத்தாலும் மிக்ஸ் நிற்காதே. ஈரமான (ரிவெர்ப் ஒலி பதிந்த) டிராக்கை மட்டும் தனியாக எடுத்து வைப்பதுதான் ஒழுங்கு.

மிக்ஸ்மேசை:
அந்த டிராக்கின் டீகேயைப் பிறகு குறைக்க முடியாது. என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

சுருதிபேதம்:
உள்படமும், மாற்றிய பாகங்களின் பட்டியலும் கேட்டு எழுதிவிட்டேன். உலர்ந்த (ரிவெர்ப் சேர்க்காத) குரல் டிராக் ஒன்றையும் அனுப்பி, பெட்டியின் கான்சர்ட் ஹால் ப்ரோக்ராமில் ஓட்டித் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சால்டர்புகை அண்ணா, படம் வந்ததும் இங்கே போடுகிறேன், கெப்பாசிட்டர் புதியதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லணும்.